ஒரு ஜீபியில் அடங்காத ஜின்

“புடிச்ச ஜின்னை எங்க வைக்கிறாராம் உம்மா?”

“மெமரி சிப்புலதான் மகள். கெமராவால புடிச்சி, சிப்புல அடைச்சி, கடல்ல எறியிறாராம்.”

“சிப் நிறைஞ்சா?”

“நக்கலடியாத. ஒன்ட தங்கச்சி அஞ்சு வருசமாத் தூங்கல்ல.”

போன வாரம் சோற்றுக்கு முன்னால் தன் தாய் சல்மா உம்மாவோடு நடந்த இந்தப் பேச்சில் நதீராவுக்குச் சிரிப்பு வந்தது. இன்று வரவில்லை. கல்முனைக் கலியாண மண்டபம் ஒன்றில், சனம் நெருக்கியடிக்க, நடுவில் போட்ட கதிரையில் அவளுடைய தங்கை அஸ்பியா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் ஊருக்குள் எத்தனையோ வந்தன. தவணைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. ஜின் ஓட்டும் காலிதீன் பரிசாரியும் வந்தார். மோட்டார் சைக்கிளுக்காவது உத்தரவாத அட்டை கொடுத்தார்கள். முந்திய பரிசாரிமார் ஜின்னைப் போத்தலில் அடைத்தார்கள். இவர் படித்தவர். பச்சைச் சர்க்கிட் பலகை, அதில் நகமளவு கெமரா, பக்கத்தில் சின்னத் திரை, சிப் செருக ஒரு வாய். கையில் ஒரு கறுப்புக் கோல்.

கோலின் நுனியை அஸ்பியாவின் நெற்றிக்கு நேரே பிடித்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. திரையிலோ ஊதா வெளிச்சம் பளீரென்று எரிந்தது!

“யா அல்லாஹ்!” என்றது சனம்.

“சுனாமியோட கரைக்கு வந்த கடல் ஜின்,” என்றார் பரிசாரி. “பெரிய சாமான். ஒரு ஜீபிக்குள்ள அடங்காது. ரெண்டு ஜீபி சிப் வேணும். அதுக்கு முன்னால புள்ளயக் கடல்ல இறக்கி மூணு தரம் அமுக்கி எடுக்கணும். ஜின் கொஞ்சம் சுருங்கும்.”

அஞ்சு வருசத்துக்கு முன் சுனாமியில் வாப்பாவை இழுத்துக்கொண்டு போன கடல். அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டாத பிள்ளையை அதற்குள்ளேயே அமுக்குவதாம். அஸ்பியாவின் உதடு வெளுத்தது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம்” என்று தலையாட்டினார்.

நதீரா எழுந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் இதே மாதிரி ஒரு கெமராவைப் பூட்டி, படத்தைச் சிப்பில் பதிய வைத்தவள் அவள். வீட்டில் வைத்து மாதக்கணக்காகப் பதிந்தும் அதில் அகப்பட்டவை வீட்டுக் கோழிகள் மட்டும்தான். ஆனால் ஒருநாள் உம்மா டீவி றிமோட்டை அமுக்க, அவளுடைய திரையிலும் இதே ஊதா வெளிச்சம் எரிந்திருந்தது. பரிசாரியின் திரையில் ஊதா ஜின் எரியும் என்று ஊர் பேசியதைக் கேட்டு, அந்த றிமோட்டை இன்று கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“பரிசாரியார், இதையும் ஒருக்காப் பாருங்க.”

கெமராவுக்கு முன்னால் றிமோட்டை நீட்டி அமுக்கினாள். அதே வெளிச்சம். அதே பளீர்.

“எங்கட றிமோட்டுக்கும் ஜின் புடிச்சிரிக்கா?”

காலிதீன் அசரவில்லை. “பாத்தீங்களா! புள்ளயில இருந்து றிமோட்டுக்குள்ள பாஞ்சிட்டு!”

முன்வரிசை கதிரையோடு பின்னுக்குப் போனது.

“அப்ப நல்லம். தங்கச்சிய விட்டுப் போயிட்டுத்தானே? கடல்ல அமுக்கத் தேவையில்ல,” என்றாள் நதீரா.

பரிசாரி கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மீன் வியாபாரி கச்சிமுகம்மது எழும்பினார். போன கிழமை அவருடைய ஜின்னையும் பிடித்துக் கடலில் எறிந்திருந்தார்கள். வியாபாரம் மட்டும் இன்னும் படுத்துத்தான் கிடந்தது. “இஞ்ச தாங்க அந்தக் கோல!” பறித்தார். கைப்பிடியில் ஒரு குமிழ் தட்டுப்பட்டது. நுனியைப் பரிசாரியின் நெற்றிக்கே பிடித்து அமுக்கினார்.

திரையில் பளீர்.

“பரிசாரிக்கும் புடிச்சிரிக்கு!” என்று ஒரு பெண் கத்த, மண்டபம் அதிர்ந்தது. கச்சிமுகம்மது கைப்பிடியைத் திருகினார். இரண்டு பெட்டரிகள் விழுந்து தரையில் உருண்டன.

“இது றிமோட்டுல இரிக்கிற பல்புதான்,” என்றாள் நதீரா. “நம்மட கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். பெட்டரி இல்லாம ஒங்கட ஜின்னக் கொஞ்சம் கூப்புடுங்க பாப்பம்.”

கலியாண மண்டபங்களுக்குப் பின்வாசல் எதற்கு என்று அன்றுதான் ஊருக்கு விளங்கியது. காலிதீன் அதனூடாகப் போன வேகத்தை எந்தக் கெமராவாலும் பதிந்திருக்க முடியாது.

சனம் கலைந்தது. சல்மா உம்மா மட்டும் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

“அப்ப என்ட புள்ளைக்கு என்னதான் மகள்?”

“ஜின்னுக்கிட்டக் கேட்டீங்க, கெமராக்கிட்டக் கேட்டீங்க. இத்தன தலை உள்ள ஊருல ஒருத்தராவது இவக்கிட்டக் கேட்டீங்களா உம்மா?”

உம்மா தரையில் குந்தி, மகளின் குளிர்ந்த கைகளைப் பிடித்தார். “சொல்லு மகள். ஒனக்கு என்ன வேணும்?”

அஸ்பியா நதீராவைப் பார்த்தாள். சுனாமிக்குப் பிறகும் கடலோரத்து அதே வீட்டு வளவில்தான் இருப்பேன், வாப்பா நடந்த மண் என்று சொல்லிச் சொல்லி அழுத உம்மாவைப் பார்த்தாள்.

“கடல் இரையிற சத்தம் கேக்காத ஊட்டுக்குப் போவமா உம்மா?”