அகத்தியரில் ஆரம்பிக்கிறவர்

அகத்தியரைக் கூப்பிடாமல் ஒரு கைச்சுளுக்கைக்கூட எடுக்காத ஆசான் இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? சங்கரன்கோவிலுக்கு வாருங்கள். சங்கரசுப்பு ஆசான் இருக்கிறார்.

சிலம்பம், வர்மம், தைலம், பத்தியம் எல்லாமே பொதிகைமலை அகத்தியர் இவருடைய முப்பாட்டன் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போனவை. மிச்ச உலகம்? ஒட்டுக்கேட்டது. சீனாக்காரன் குங்ஃபூ போடுகிறானே, அதுவும் இவர் வீட்டுக் கொல்லைவழியாகப் போனதுதான். இவர் கம்பு சுற்றி யாரும் பார்த்ததில்லை. சுற்றினால் ஊர் தாங்காதாம்.

அப்படிப்பட்டவரிடம் மகாராஜன் வந்து மாட்டிக்கொண்டார். பேத்தி பிறந்து நாலு நாள். புளியங்குடி ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வீட்டுக்கு வருகிறாள். விட்டத்தில் தொட்டில் கட்டப் போனவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கை இடுப்புக்கு மேலே எழவில்லை. பிள்ளையை வாசலில் வாங்கப்போவது தாத்தாதான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

“அண்ணாச்சி, சட்டுன்னு எடுத்து விடும். பிள்ள வந்துரும்.”

“பொறும் வே. குருவரிசை சொல்லாமத் தொட்டா என் கை வெளங்காது.” ஆசான் கண்ணை மூடினார். “ஆதியில சிவன் நந்திக்குச் சொன்னாரு, நந்தி அகத்தியருக்குச் சொன்னாரு...”

ஏழாவது சித்தரில் மகாராஜன் தும்மினார். நடுவில் சத்தம் வந்தால் பலிக்காதாம்; மறுபடி சிவன். பதினோராவது சித்தரில் தெருவில் மீன்காரர் கூவினார். மறுபடி சிவன். வரிசை இறங்கி வந்து முப்பாட்டனார் வாசற்படி ஏறும் நேரத்தில் செல்போன் அடித்தது: பிள்ளை காரில் ஏறியாயிற்று.

“ஆதியில சிவன்...”

மகாராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாவாட்டிக்கொண்டிருந்த ஆசான் மனைவி சண்முகசுந்தரி எழுந்து வந்தாள். “அண்ணாச்சி, இங்கன திரும்புங்க.” ஒரு திருகு, ஓர் இழுப்பு. டொக்! கை மேலே போனது. “போங்க, பிள்ளையத் தூக்குங்க.” மாவுக்கே திரும்பிவிட்டாள்.

ஆசான் கண்ணைத் திறந்தார். “பாத்தீரா வே? அகத்தியர் பேரக் கேட்டதும் தோளு தானா வழிக்கு வந்துட்டு!”

தோளில் ஐந்து விரல் மாவோடு மகாராஜன் ஓடினார். வாசலில் பேத்தியை இரண்டு கையாலும் வாங்கினார். அவள் தாத்தாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏட்டி வள்ளித்தாயி, பிடியப் பாத்தியா? கம்புப் பிடி! எங்க பாட்டன் பெரிய சிலம்பக்காரராக்கும்!”

“எவரு? ஆடு பத்தி மேய்க்கக் கம்பு வச்சிருந்தாரே, அவரா?” என்றாள் அவர் மனைவி வள்ளித்தாயி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், உங்கள் வீட்டுப் பிள்ளையின் மூக்கு யாருடையது என்று எதிர்வீட்டில் ஒரு வார்த்தைதானே கேட்டார்கள், நீங்கள் எந்தப் பாட்டனில் ஆரம்பித்தீர்கள்?