மகிழினியின் கன்னமும் சி.ஐ.டி. அண்ணாச்சியும்

போலீஸ் வேலைக்குப் போகாமல் இருந்தே இந்த தேசத்துக்குப் பெரிய உபகாரம் செய்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் தாராவியில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் சி.ஐ.டி. அண்ணாச்சிதான். போயிருந்தால் பாதி மும்பை இன்று ஜாமீனில்தான் நடமாடிக்கொண்டிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், தனி ஆள். காட்கோபரில் ஒரு மாலில் சிசிடிவி திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை. பார்த்துப் பார்த்து, எதிரே வருகிற யாராக இருந்தாலும் சட்டைக்குள் எதையோ மறைத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஒருமுறை வராந்தாவில் பால் பாக்கெட்டுகள் காணாமல் போயின. கையும் களவுமாகப் பிடிக்க, விடிவதற்கு முன்பே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். பால்காரர் இவரைத் திருடன் என்று நினைத்து, டிரம்மிலிருந்து வாளி வாளியாக எடுத்து ஊற்றிக் கத்தியதில் மொத்த மாடியும் விழித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நின்றபடி அண்ணாச்சி சொன்னார்: "எல்லாரும் வந்துட்டீயள்லா, அப்படியே நில்லுங்க. விசாரிக்கணும்."

அவர் வாழ்க்கையின் பெரிய கேஸ், எங்கள் மகள் மகிழினியின் வலது கன்னத்தில் வந்தது.

அவளுக்கு அப்போது உட்காரப் பழகுகிற வயது. ஒருநாள் காலையில் கன்னம் சிவந்து, ரவையைத் தூவியதுபோல் பொரிப்பொரியாகக் கிடந்தது. பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். காய்ச்சல் இல்லை, பாலும் குடிக்கிறாள், பயப்பட வேண்டாம் என்று களிம்பு கொடுத்தார்கள். குறைந்தது. மறுபடி வந்தது. தேய்த்துத் தேய்த்து அவள் அழுவதைப் பார்த்து என் மனைவி செல்வியும் அழுதாள்.

அதற்குள் மாடியில் ஆளுக்கொரு தீர்ப்பு. "கத்தரிக்கா தின்னியா?" "கருவாடு தின்னிருப்பா." ஊரிலிருந்து என் அம்மா போனிலேயே பத்தியம் வைத்தாள். செல்வி ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் ரசம் சோற்றில் வந்து நின்றாள். அதைத் தின்னும்போதும் ஏதோ தப்பு செய்கிறவளைப்போல விழித்தாள்.

அண்ணாச்சி விசாரணையைக் கையில் எடுத்தார். துணி சோப்பு, பிளாஸ்டிக் பாய், கிலுகிலுப்பை, ஜன்னலில் உட்காரும் புறாக்கள் என்று ஒன்றையும் விடவில்லை.

"தம்பி, முதல் அக்யூஸ்டு உன் தாடி."

"அண்ணாச்சி, அது வருசக்கணக்கா இருக்கே."

"பழைய குற்றவாளின்னு நீயே ஒத்துக்கிட்ட பாத்தியா!"

தாடி போனது. பொரி போகவில்லை.

ஆனால் ஒருநாள் மாலை, மெஸ்ஸிலிருந்து பொரித்த வஞ்சிர மீன் பொட்டலத்தோடு வந்தார். வராந்தாப் பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "செல்வி மேல ஒரு குத்தமும் இல்ல. கேஸ்லேருந்து விடுவிச்சாச்சு. ஏத்தா, உக்காந்து நல்லா தின்னு." செல்வி அழுதுகொண்டே முள் மட்டும் மிச்சம் வைத்தாள். எந்த ஆதாரத்தில் விடுவித்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக அவர் ஊருக்குப் போனார். கன்னம் பளிங்குபோல் ஆயிற்று. திரும்பி வந்து, பெட்டியைக்கூட வைக்காமல் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். மறுநாள் பொரி மறுபடி ஆஜர்.

அண்ணாச்சி கொதித்துப்போனார். "பாத்தியா தம்பி! நான் இல்லாதப்ப பதுங்கிக் கெடந்துட்டு, நான் வந்ததும் சவால் விடுதான்!"

அவரே லீவு போட்டுவிட்டு எங்களோடு மாட்டுங்காவில் குழந்தைகளுக்கான தோல் டாக்டரிடம் வந்தார். மராட்டிக்கார அம்மா. கன்னத்தையும் தாடையையும் நிதானமாகப் பார்த்தார். இடது பக்கம் சுத்தமாக இருப்பதையும் பார்த்தார். பிறகு ஹிந்தியில் கேட்டார்: குழந்தையை அதிகம் தூக்குவது யார்?

"மை ஹீ, மேடம்!" நான்தான் என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். மகிழினி அப்போதும் அவர் தோளில்தான் இருந்தாள், வலது கன்னத்தை அவர் கழுத்தில் அழுத்தியபடி. டாக்டர் கிட்டே போய் அவர் கழுத்தை மோந்து பார்த்தார்.

"யே க்யா லகாயா?" இதென்ன தடவியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

தைலம். திரைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதால், வேளை தவறாமல் தேய்ப்பார். அந்த நெடி எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. குழந்தையின் தோலுக்குப் பழகவில்லை. தைலம் படாமல் இருந்தாலே போதும், சரியாகிவிடும், குறையாவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, விலங்கு மாட்டச் சொல்வதுபோல இரண்டு கைகளையும் செல்விக்கு முன்னால் நீட்டினார். "ஏத்தா, நாந்தானா?"

வீட்டுக்கு வந்ததும் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டார். எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தன் கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பார். மகிழினி அங்கிருந்து கையை நீட்டி அழுவாள். இவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

செல்வி பொறுத்துப் பார்த்தாள். பிறகு சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினாள். "அண்ணாச்சி, தீர்ப்பு சொல்ல வேண்டியவ நானு. கழுத்த நல்லாக் கழுவிட்டு வாங்க. பிள்ள அழுதுல்லா."

கழுவினார். அன்று கழுவிய கழுவலில் தோலும் கொஞ்சம் வந்திருக்கும். மகிழினியின் கன்னம் தெளிந்தது. பிறகு பொரி வரவே இல்லை.

இப்போது அவள் வராந்தா முழுக்க ஓடுகிறாள். யாராவது அவளைத் தூக்கக் கை நீட்டினால், அண்ணாச்சி முதலில் அவர்கள் கழுத்தை மோந்து பார்க்கிறார். விருந்தாளிகள் மிரண்டுபோகிறார்கள்.

கழுத்துவலி மட்டும் விடவில்லை. போன வாரம்கூட தலையைச் சாய்த்தபடி படியேறி வந்தார்.

"அவளுக்குத்தான் ஓடுத வயசாயிட்டுல்லா அண்ணாச்சி. இனிமே தைலம் தேச்சா என்ன?" என்று கேட்டேன்.

"தேய்க்கலாம். திடீர்னு வந்து தூக்குன்னு கேட்டுட்டான்னா?"