மருந்து படாத மணிக்கூடு

ஆரு பொய்க்கணக்குக் குடுத்த? நானா? மணிக்கூட என்ட கையில கட்டிட்டு வீட்ட படுத்துக் கிடந்தனாம்! இஞ்சினியர் தம்பி, வாட்ஸ்அப் குரூப்புல இவ்வளவு பேருக்கு முன்னால கேட்டிட்டீங்க. இப்ப இஞ்சயே பதிலையும் வாசிங்க.

வேலை லேசான வேலைதான். வயலுக்கு மருந்தடிக்கிற ஆக்கள்ட ஒடம்பு என்ன பாடு படுது எண்டு பார்க்கிற ஆராய்ச்சி. மெடிக்கல் புள்ளைகள் ரத்தம் பார்க்கிற. நீங்க நாடி எண்ணுற மணிக்கூடு தாற. சமூகவியல் படிக்கிற நான் போய் ஆக்களோட கதைக்கிற. கதைக்கிறதுல நான் குறைஞ்ச ஆளா!

வரிப்பத்தான்சேனைக்கு பஸ் ஏறிப் போனன். மருந்தடிக்கிற ஹனீபா காக்கா வயல் வரம்புல நிண்டாரு. மணிக்கூடு, கிளவுஸ், மாஸ்க் எல்லாத்தையும் அவர்ட கையில குடுத்து, நீங்க வொய்ஸ் மெசேஜ்ல சொல்லித் தந்தத அப்பிடியே கிளி மாதிரி ஒப்புவிச்சன்.

"காக்கா, இது கெம்பஸ்ட சாமான். ஒரு துளி மருந்தும் படப்படா. பின்னேரம் வரைக்கும் கையால கழட்டவும் படா."

அதோட நிப்பாட்டினனா? இல்ல! "அமானிதம் காக்கா, உங்கள நம்பித் தாறன்" எண்டு என்ட பங்குக்கும் ஒரு சொல்லப் போட்டன்.

"அமானிதமா? அப்ப நீ பயப்படாத புள்ள. என்ட உசிரு போனாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது" எண்டாரு.

மாஷா அல்லாஹ், என்ன ஒத்துழைப்பு! பூரிச்சிப் போய், வெயிலும் தாங்கேலாம, அடுத்த பஸ்ஸுலயே வீட்ட வந்திட்டன்.

பொறகு மணிக்கூட்டுல பதிஞ்ச கணக்கப் பார்த்தா நாடி குளத்துத் தண்ணி மாதிரி அசையாமக் கிடக்கு. உச்சி வெயில்ல, முதுகுல டாங்கியச் சுமந்துக்கிட்டு! நானும் மடைச்சி மாதிரி கெம்பஸ் சேர்மாருக்கு முன்னால எழும்பி, "நம்மட விவசாயிகள் மன அமைதியோட மருந்தடிக்காங்க" எண்டு விளக்கம் வேற குடுத்தன்.

மெடிக்கல் மெடம் கண்ணாடியக் கழட்டினா. "புள்ள, இது நித்திரை கொள்ற மனுசன்ட நாடி."

சேர்மார் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல்ல, குரூப்புல எழுதினீங்க. இப்ப என்னைய ஆராய்ச்சியில இருந்து வெளிய போடப் போறாங்களாம்.

இண்டைக்கு திரும்ப வயலுக்குப் போனன். சண்டை பிடிக்கத்தான்!

"காக்கா, மணிக்கூட ஆரு கட்டின?"

"என்ட மச்சான்."

"ஏன் நீங்க கட்டல்ல?"

"நான் மருந்தடிக்கன் தானே புள்ள! படப்படா எண்டும் சொன்ன, கழட்டப்படா எண்டும் சொன்ன. அதான் மச்சான்ட கையில கட்டி, மேலால கிளவுஸப் போட்டு, மாஸ்க்கையும் சுத்தி, மரத்தடியில படுக்க வெச்சன்."

பக்கத்துல இருந்த மச்சான் சாரனத் தட்டிக்கிட்டு எழும்பினாரு. "கைய அசைக்கவே இல்ல தங்கச்சி." மொகத்துல என்ன பெருமை!

"அப்ப காக்கா, உங்களுக்கு கிளவுஸ், மாஸ்க்?"

"எனக்கென்னத்துக்கு? நான் என்ன கெம்பஸ்ட சாமானா?"

அவர்ட ரெண்டு கையும் செவந்து தடிச்சிக் கிடந்திச்சு. அல்லாஹ்வே! அடுத்த பஸ்ஸும் போயிட்டு, அதுக்கடுத்த பஸ்ஸும் போயிட்டு. அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் வந்தன்.

ஓம், நான் செய்தது மடத்தனம். கள்ளத்தனம் இல்ல!

இனி நீங்க சொல்லுங்க தம்பி. மருந்தடிக்கிற மனுசனுக்கெண்டு செய்த மணிக்கூட்டுல மருந்து படப்படா எண்டா, அந்த மனுசன் அத எங்க கட்டுற? இன்பொக்ஸுக்கு வராதீங்க. குரூப்புலயே சொல்லுங்க.