தூக்குவாளியில் வெட்டிய பெயர்

"இது உன் பேருதானே?"

இன்ஸ்பெக்டர் கார்த்திகேசன் மேசைமேல் வைத்த தூக்குவாளியைக் கலைமணி குனிந்து பார்த்தார். 'கலைமணி, ஆய்வக உதவியாளர், சிதம்பரம்' என்று குண்டுகுண்டாக வெட்டியிருந்தது. இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

"என் பேருதான் சார்."

"இங்க கடலூர்ல தங்கராசுன்னு ஒருத்தர அடிச்சுக் கொன்னுருக்காங்க. பொணத்துக்குப் பக்கத்துல இது கெடந்துச்சு. கண்ணால பாத்தவன் எவனும் இல்ல. ஆனா சந்தர்ப்ப சாட்சியம் பேசுதுல்ல?"

"ஐயோ, அந்த ஆளு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல சார்! இது யாருக்கோ மொய் வச்ச பாத்திரம்."

அது பொய்யில்லை. விசேஷம் என்றால் கலைமணிக்கு உயிர். தூக்குவாளிகளை மொத்தமாக வாங்கி, பெயர் வெட்டி, பரணில் அடுக்கி வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கு வேன் வைத்தாலும் ஏறிக்கொள்வார். பந்தியில் சாப்பிட்டு எழுந்த பிறகும் மாப்பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது.

"யாருக்கு வச்ச மொய்?"

கலைமணிக்கு நினைவில்லை. அடுத்த வாரம் மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம். அப்பன் கொலைக் கேசில் உள்ளே போனால் மாப்பிள்ளை வீட்டார் வாசல் பக்கம் வருவார்களா? வாயில் வந்ததைச் சொன்னார்.

"செல்லாயி வூட்டுக் காதுகுத்துக்கு... இல்ல இல்ல, ஜான்சி டீச்சர் கல்யாணத்துக்கு!"

மூலை பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். செத்துப்போன தங்கராசுவின் மாமியார் கொளஞ்சியம்மாள்.

"ஐயா, ஒரு விசயம்..."

"இரும்மா. மொதல்ல கொலகாரன முடிச்சுட்டு வரேன்."

ஸ்டேஷனிலிருந்து போன் போனதும் செல்லாயியும் ஜான்சியும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள், ஆளுக்கொரு தூக்குவாளியோடு.

"யாரக் கொலகாரின்ற? எங்க வூட்டுது பத்தரமா இருக்கு பாரு!" என்று செல்லாயி மேசையில் டமாரென்று வைத்தாள்.

"என்னுதும் இருக்கு சார். இருந்த மாவக் கொட்டிட்டு எடுத்தாந்தேன்" என்றாள் ஜான்சி. பிறகு கலைமணியைப் பார்த்து, "இனிமே எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்துடாதீங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் போன் பேச வெளியே போனார். ஜான்சியின் தூக்குவாளியில் ஒட்டியிருந்த மாவு மேசையெல்லாம் சிந்தியிருந்தது. நல்லது செய்வதாக நினைத்த கலைமணி, தோள் துண்டை எடுத்து மூன்றையும் பளபளவென்று துடைத்து வரிசையாக வைத்தார்.

திரும்பி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடப்பாவி! இதுல எதுடா தடயம்?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றார் கலைமணி, தனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறோம் என்ற நம்பிக்கையில்.

"கைரேகையும் போச்சு! சாட்சியத்த அழிச்ச கேஸும் சேத்துப் போடுறேன். சந்திரலேகா, லாக்கப்பத் தொற!"

பெண் காவலர் சந்திரலேகா சாவியை எடுத்தார். பெற்ற மகள் கல்யாணத்துக்குத் தன்னால் போக முடியாது என்று நினைத்ததும் கலைமணிக்கு அழுகை பொங்கிவிட்டது.

அதற்குமேல் கொளஞ்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று வந்து, மூடியோரத்துச் சின்ன நசுங்கலை வைத்து அடையாளம் கண்டு, ஒரு தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏன் சார், எங்க வூட்டுத் தூக்குவாளிய எப்பத்தான் குடுப்பீங்க? எம் மவ கல்யாணத்துக்கு யாரோ மொய் வச்சது. செத்த அன்னிக்கு மருமவரு இதத் தூக்கிக்கிட்டுதான் பால் வாங்கப் போனாரு!"