காசு கொடுத்துக் கேட்ட பதினோரு பேர்

கோயமுத்தூர்ப் பக்கம் கோயிலுக்கு என்று கேட்டால் காசு கிடைக்கும். தொழிலுக்கு என்று கேட்டால் பங்கு பேசிவிட்டுக் கொடுப்பார்கள். "நான் பேசுவதைக் கேட்கிறீர்களே, அதற்குக் கொடுங்கள்" என்று கேட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான். அதற்கு நான் பட்ட பாட்டை வீட்டுக்கு வரும் ஒறம்பரை எல்லாம் (சொந்தக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மறுபடி மறுபடி சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. அது போக, 'தண்ணி வந்த தடம்' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினேன். நம் பக்கத்துக் குளங்கள், வாய்க்கால்கள், மதகுகள் பற்றி வாரம் ஒரு மணி நேரம் பேசுவேன். வெளிச்சத்தம் விழக்கூடாது என்று படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்வேன். மழை பொய்த்த வருஷத்தில்கூட அந்தப் போர்வைக்குள் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததில்லை.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த என் மனைவி கவிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"ஏனுங்க, இத்தன நாளா ஓசியில பேசறீங்களே, கேக்கறவங்க ஒரு ரூவா குடுத்திருப்பாங்களா?"

"கேட்டாக் குடுப்பாங்க."

"அப்பக் கேளுங்க. மூணு மாசம் பாக்கலாம். ஆரும் குடுக்கலீன்னா நிறுத்திப்போடுங்க. ஞாயித்துக்கெழமையாவது நான் ஃபேன் போட்டுப் படுக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். கம்பெனியில் நான் ஒரு பேட்ஜ் நம்பர். அந்தப் போர்வைக்குள்தான் நான் ஒரு ஆள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஆனால் காசு கேட்க நம்மூர் வாய் வளைந்தால்தானே! "தப்பா நெனச்சுக்காதீங்க, இருந்தாக் குடுங்க, இல்லீன்னாலும் ஒண்ணுமில்லீங்க, குடுக்காட்டியும் கேளுங்க, கேக்காட்டியும் சந்தோசமுங்க" என்று இழுத்து இழுத்து இருபது நிமிஷம் ஓட்டினேன். மாதாமாதம் கொடுக்கலாம், ஒரே தடவையாகக் கொடுக்கலாம், முடியாதவர்கள் நாலு பேருக்குச் சொல்லிவிடலாம், கொடுப்பவர்களுக்குப் புதுப் பேச்சு முதலில் வரும் என்ற விவரமெல்லாம் கடைசி அரை நிமிஷத்தில்தான் வந்தது.

இரண்டு வாரம் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அன்னூரிலிருந்து சரஸ்வதி என்ற அம்மா மாதம் நூறு ரூபாய் என்று சேர்ந்தார். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் பத்துப் பேர். பத்துப் பேரும் அன்னூர். (சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எனக்குத்தான் தலைக்கனம் வந்துவிட்டதே.)

"அன்னூர்ல வரலாற்று விழிப்புணர்வு வந்துபோட்டுது" என்று கவிதாவிடம் அறிவித்தேன்.

"பதினோரு பேருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

காசு கொடுத்தவர்களுக்கு ஏதாவது சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று வந்த காசோடு கைக்காசையும் போட்டு ஒரு நல்ல மைக் வாங்கினேன். ஒரு ராஜா குளம் வெட்டிய கதையை எடுத்துக்கொண்டு, ஆரம்பத்தில் மேளம், நடுவில் குதிரைக் குளம்புச் சத்தம் என்று சேர்த்தேன். ராஜாவாக நானே "வெட்டுங்கடா!" என்று கத்தினேன். என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, ஆதரவாளர்கள் பதினோரு பேருக்கு மட்டும் அதை அனுப்பிவைத்தேன்.

ஆறரைக்குப் போன் வந்தது.

"தம்பி, அன்னூர்ல இருந்து சரஸ்வதி பேசறனுங்க."

"சொல்லுங்கக்கா! எப்படீங்க இருந்துச்சு?"

"மாடு எத்திப்போட்டுதுங்க."

"அடடா, எப்பங்க?"

"நீங்க கத்துனப்பத்தானுங்க. கறக்கற போசியோட பாலும் போச்சு, என்ற முட்டியும் வீங்கிப்போச்சு. ஏஞ்சாமி, அந்தக் குதிரைய எதுக்குங்க உட்டீங்க?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த அக்காவின் மாடு உதைக்கிற மாடு. பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார், செய்தி போட்டுப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. என் குரலைப் போட்டால் மட்டும் கண் சொருகி நின்றிருக்கிறது. அதைப் பால் சொசைட்டியில் சொல்ல, மற்ற பத்துப் பேரும் சேர்ந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பதினோரு கட்டுத்தரையிலும் கறக்கிற நேரத்துக்கு என் ராஜா குதிரையில் வந்துவிட்டார்.

எனக்கு அவமானத்தில் காது அடைத்துவிட்டது. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, கவிதாவோடு காந்திபுரம் போய் பஸ் மாறி அன்னூர் போனேன். அக்கா முட்டியில் எண்ணெய் தடவிக் கட்டிலில் காலை நீட்டியிருந்தார். மற்ற பத்துப் பேரும் அங்கேயே இருந்தார்கள். எல்லோரும் "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்துத்தான் வைதார்கள். "என்ற மாடு இன்னும் பால் எறக்கலீங்க" என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க யாருமே கேக்கறதில்லீங்களாக்கா?" என்றேன்.

"கேக்காம என்னங்க? மொதல்ல சித்த நேரம் கேப்பனுங்க. அப்பறம் கை பாட்டுக்குக் கறக்கும்."

இரண்டு வருஷம் போர்வைக்குள் வெந்தது இதற்குத்தானா என்று இருந்தது. "மன்னிச்சுக்கங்க. குடுத்த காசைத் திருப்பித் தந்துபோடறேன். இனி இதை நிறுத்திக்கறனுங்க" என்றேன்.

பதறிப்போய் அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"காச ஆருங்க கேட்டா? நிறுத்திப்போடாதீங்க சாமி! வேணும்னா மாசம் அம்பது ரூவா எச்சாத் தாரோமுங்க. பழையபடியே பேசுங்க. நல்லா மட்டும் ஆக்கிப்போடாதீங்க."

மற்றவர்களும் ஆமாமுங்க என்று தலையாட்டினார்கள். கவிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். சிங்காநல்லூர் வந்து சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. "சொன்ன பேச்சு பேச்சுத்தானுங்க, காசு வந்துருச்சல்ல, நடத்துங்க" என்று இறங்கும்போது சொன்னாள்.

அதற்கப்புறம் நாலு வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆதரவாளர்கள் இன்றைக்கு நாற்பதுக்கு மேல். அத்தனை பேர் வீட்டிலும் மாடு இருக்கிறது. கல்யாண வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், "மாமா ஆரம்பிச்சுட்டாருங்க, போசிய எடுத்தாங்க" என்று கவிதா வீட்டு ஆட்கள் குரல் கொடுக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிறு ஐந்து மணிக்கு நான் பேசவில்லை என்றால் அன்னூரில் யாரோ ஒருத்தருக்கு முட்டி வீங்கும்.