கார்பன் தாளைக் கேட்டது குற்றமா, மாப்பிள்ளை?

மதுரை,
2-3-1988

சிரஞ்சீவி மாப்பிள்ளை ராமமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மாமனார் ஜனகராஜ், கோபம் போக மிச்சமிருக்கும் ஆசீர்வாதங்கள் அனைத்தையும் அனுப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அத்தை அலர்மேல்மங்கையும், குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வருவதைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் தாங்களும், என் மகள் நாகமணியும், அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் சுகமாயிருக்க மீனாட்சியம்மனை வேண்டுகிறேன். மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. 'மாமா, உங்களுடைய சந்தேக புத்தியால் அத்தையின் டிக்கெட் ரத்தாகிவிட்டது, நாகமணி இரண்டு நாளாக அழுகிறாள், என் நண்பன் காசிமாயனைத் திருடன் என்று சொன்னதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைநாட்டும் கையெழுத்தும் சரிபார்த்தவன் நான். செத்துப்போனவர் பெயரில் கையெழுத்துப் போட வந்தவர்களை எல்லாம் பேனாவைப் பிடிக்கும் தோரணையிலேயே கண்டுபிடித்து வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், டவுன் ஹால் ரோட்டில் மாடியில் நாலு நாற்காலி போட்டு டிக்கெட் விற்கிற காசிமாயனிடம் மன்னிப்புக் கேட்பதா? நடந்ததைச் சொல்கிறேன், தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இந்தக் கடன் அட்டையை நான் கேட்டு வாங்கவில்லை. ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டுவைத்திருக்கும் வங்கியின் மேனேஜர், தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, "சார், இனிமே நோட்டுக் கட்டத் தூக்கிட்டு அலைய வேண்டாம், இத நீட்டுனாப் போதும்" என்று ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கையில் வைத்தார். அதில் என் பெயர் மேடு தட்டியிருந்தது, கீழே பதினாறு எண்கள். கடன் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் விளக்கு வைத்த பிறகு சொல்வதில்லை. இருந்தாலும் பிரசவத்துக்குப் போகிற உங்கள் அத்தையின் விமான டிக்கெட்டுக்கு அம்புட்டு ரூபாயையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதைவிட இது மேல் என்று நினைத்து வாங்கி பீரோவில் வைத்தேன். நான் வருவதாக அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் மாதக்கணக்காக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பாஸ்போர்ட் இரண்டு பேருக்கும் எடுத்தது, ஒரே அலைச்சலில் முடியட்டும் என்றுதான்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி நானும் உங்கள் அத்தையும் காசிமாயன் கடைக்குப் போனோம். "வாங்க மாமா, வாங்கத்தே" என்று வரவேற்றார். அவர் எனக்கு எந்த வகையில் மருமகன் என்று தெரியவில்லை, போகட்டும். அட்டையை நீட்டினேன். பெரிய தொகை என்பதால் மெட்ராஸில் கேட்டுத்தான் போட வேண்டும் என்று போனை எடுத்தார். அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காது கேட்கவில்லையோ, லைன் சரியில்லையோ, காசிமாயன் என் பதினாறு எண்களையும் வீதியில் தக்காளி விற்கிறவர் போலக் கூவ ஆரம்பித்தார். "நாலு! நாலுண்ணே! அஞ்சுக்கு முந்துன நாலு!" எதிரே டீக்கடையில் கண்ணாடி தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்துபோய்ப் போன் வாயைப் பொத்தினேன்.

"என்ன மாமா இது, கைய எடுங்க!"

"நம்பரை எதுக்கய்யா ஊருக்கெல்லாம் சொல்றீரு? மெதுவாச் சொல்லும்!"

"மெதுவாச் சொன்னா மெட்ராஸ்காரனுக்குக் கேக்காது மாமா!"

"அப்ப அவனை இங்க வரச் சொல்லும்!"

அதற்குள் மெட்ராஸ்காரர் போனை வைத்துவிட்டார். காசிமாயன் மறுபடி போட்டார், மறுபடி கூவினார். இந்த முறை நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, எண் சொல்லும்போதெல்லாம் பலமாக இருமினேன். உங்கள் அத்தை நம் வீட்டுப் பாஷையில் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதை மாப்பிள்ளைக்கு எழுத முடியாது.

அதன் பிறகு அட்டையை ஒரு இரும்புச் சாதனத்தில் படுக்கவைத்து, மேலே சீட்டை வைத்து, கைப்பிடியை இழுத்து, துணி தேய்ப்பதுபோல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். மட்டமான ஒரு பேனாவைக் கொடுத்து, ஆடுகிற மேசையில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எனக்கு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கார்பன் இரண்டையும் கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணும் தெரியும், கையெழுத்தும் தெரியும். ஒரு கார்பனை வைத்து மூன்று ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கியவனை நான் பார்த்திருக்கிறேன். "அந்தக் கார்பனைக் கொடும்" என்றேன். "அது குப்பை மாமா" என்றார். "குப்பைன்னா கொடும்" என்றேன். அவர் சிரித்தார். நான் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எது என்னுடையது என்று தெரியாததால் அன்றைக்கு விழுந்திருந்த கார்பன் முழுவதையும் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். கொளுத்திவிட்டு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்திருக்கிறேன். மறுநாள் காலை பால்காரர் சொல்லித்தான் நெற்றி முதல் தாடை வரை நீலமாக இருப்பது தெரிந்தது. முகம் நீலமானாலும் பணம் பத்திரம் என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தேன்.

பிப்ரவரியில் வங்கியிலிருந்து கணக்குச் சீட்டு வந்தது. ஒரு டிக்கெட் வாங்கிய எனக்கு இரண்டு டிக்கெட் விழுந்திருந்தது. இரண்டாவது, ஜனவரி இருபத்தெட்டாம் தேதி. அன்றைக்கு நான் திருப்பரங்குன்றத்தில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அட்டையோ பீரோவில் இருந்தது.

நேரே காசிமாயனிடம் போனேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, ரெண்டாவது டிக்கெட்டு ஒங்க பேருக்குத்தான மாமா. நீங்கதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க" என்றார். துணிச்சலைப் பாருங்கள்! என் பணத்தைத் திருடியதோடு நில்லாமல், என் பெயரிலேயே டிக்கெட்டும் போட்டு, ஜனகராஜ் என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒருவன் சிங்கப்பூர் போகப் போகிறான்! "யாருய்யா அந்த ஜனகராஜ்?" என்று மேசையைத் தட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க மாமா" என்றார். என் அட்டை விவகாரத்தில் என் வீட்டை எதற்கு இழுக்கிறார்? நாலு பேர் இருக்கும்போதே திருடன் என்றேன். ஆமாம், சொன்னேன். இல்லை என்று நான் எங்கேயும் மறுக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த தூக்குச்சட்டி நழுவிவிட்டது. பயந்த சுபாவம், பாவம். "கவலைப்படாதே, விமானம் கிளம்புகிற மார்ச் இருபத்திரண்டாம் தேதி நானும் உன்னோடு மெட்ராஸ் வருகிறேன். அந்தப் போலி ஜனகராஜ் வரிசையில் வந்து நிற்கும்போது சட்டையைப் பிடிக்கிறேன்" என்றேன். வீட்டில் நம் பாஷைதான் பேசுவோம் என்றாலும், முக்கியமான சங்கதி என்றால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். "கட்டாயம் வாங்க. நீங்கதான் நெசமான ஆளுன்னு காட்ட வேணாமா? பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கங்க. எதுக்கும் நாலு வேட்டி, சட்டை, அந்த மப்ளரு எல்லாம் இருக்கட்டும்" என்றாள். திருடனைப் பிடிக்க மப்ளர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆபத்துக் காலத்தில் புருஷனுக்குத் துணையாக நிற்கிற குணம் எத்தனை பெண்களுக்கு வரும்? அன்று சாயங்காலமே எனக்கும் ஒரு பெட்டி தயாராகிவிட்டது.

ஆனால் இருபத்திரண்டு வரை பொறுக்க என்னால் முடியவில்லை. அவளிடம் சொல்லாமல் வங்கிக்குப் போனேன். மேனேஜர் இரண்டு சீட்டுகளையும் மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். தேதியையும் தொகையையும் காகிதத்தால் மூடச் சொன்னேன். அவர் கேட்டதால் அல்ல, நானாகவே சொன்னேன். பாரபட்சம் இருக்கக் கூடாது அல்லவா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றில் 'ஜ'வின் வால் கம்பீரமாக இறங்கி, 'ரா'வின் கால் நிமிர்ந்து, புள்ளி வைத்த இடத்தில் புள்ளி. இன்னொன்று கோழி கிளறியதுபோல் இருந்தது. "இது என்னுடையது. இது போலி. அதுவும் கத்துக்குட்டி போட்ட போலி" என்று சொல்லி, அதையே புகாராக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் என் புகாரையும் அந்தப் போலிச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நல்லாப் பாத்துட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்குப் பார்வைக் கோளாறு இருக்கும்போல. "முப்பத்திரண்டு வருஷம்" என்றேன். புகாரை வாங்கி முத்திரை குத்தினார். போலிச் சீட்டுக்கு வங்கி பணம் தர மறுத்துவிட்டது.

இப்போது தாங்கள் எழுதுகிறீர்கள், நான் போலி என்று சொன்ன சீட்டுதான் உங்கள் அத்தையின் டிக்கெட்டாம், அதனால் அவள் இடம் ரத்தாகி, 'ஜனகராஜ்' இடம் மட்டும் பத்திரமாக இருக்கிறதாம். இதிலிருந்து என்ன தெரிகிறது? காசிமாயன் சீட்டுகளை மாற்றியிருக்கிறார் என்று தெரிகிறது. இதைக்கூட என்னிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் சிங்கப்பூருக்குப் போன் போட்டு உங்களிடம் கோள் சொல்லியிருக்கிறார். உங்கள் அத்தையிடம் டிக்கெட் ரத்தான செய்தியை நான் இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து பிரசவ மருந்துக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது. வேண்டுமானால் பென்ஷன் பணத்தில் ரொக்கமாக அவளுக்கு வேறு டிக்கெட் எடுக்கிறேன். நாகமணி அழ வேண்டாம். அவள் அம்மா எப்படியும் வந்து சேருவாள். நான் இங்கேயே இருந்து வங்கி, கோர்ட், பத்திரிகை எதையும் விடாமல் கடைசி வரை பார்ப்பேன். என் கையெழுத்து எது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல இந்த மதுரையில் எவனுக்கும் தகுதியில்லை.

சின்னவர் வரும் நேரம் நல்ல நேரமாக அமைய, தாங்களும் நாகமணியும் பதினாறும் பெற்று வாழ, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
சு. ஜனகராஜ்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வங்கிக்குப் போன இடம் வந்ததும் உலக்கையைக் கீழே வைத்துவிட்டாள். "கம்பீரமா இருக்குன்னீங்களே, அந்தக் கையெழுத்த நான்ல போட்டேன்" என்றாள். நான் திருப்பரங்குன்றம் போன அன்று பீரோவிலிருந்து அட்டையை எடுத்துப்போய், எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லி, 'அவரிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன், இதைப்பற்றி அவரிடம் பேச்செடுக்காதே' என்று காசிமாயனிடம் சொல்லி, மாடிப்படியில் நின்று அவளே போட்டிருக்கிறாள். நாகமணியின் பள்ளிக்கூட மார்க் அட்டையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கையெழுத்தை உங்கள் அத்தைதான் போட்டுவந்தாளாம், நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுமாம். "கேட்டா வரமாட்டேம்பீங்க. பேரப்பிள்ளைய போட்டோவுலயா பாப்பீங்க?" என்றாள். நான் பஞ்சாங்கத்தை எடுத்து இருபத்திரண்டாம் தேதிக்கு ராகு காலம் பார்த்தேன்.

எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் மேலே உள்ளது அப்படியே வருகிறது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் சாப்பிடுவதைப் பற்றி எழுதியதை மட்டும் படிக்க வேண்டாம். அத்தைக்கும் அதே விமானத்தில் இடம் கிடைக்கும், மெட்ராஸில் பேசிவிட்டேன் என்று காசிமாயன் ஆள் அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி இரண்டு பேரும் வருகிறோம், விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள். காசிமாயனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, இன்றே கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்தை உங்கள் அத்தையைப் போடச் சொல்லியிருக்கிறேன். நான் போட்டால் வங்கிக் கணக்குப்படி அது போலி.