அக்காவுக்கு ஒரு கத்தி

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம், என் இடது கைக் கட்டைவிரல் நீங்கலாக. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். நான் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருப்பதாக உனக்குச் சேதி வந்திருக்கும். அதில் பாதிதான் உண்மை. கார் நிறுத்தும் கொட்டகையில் கத்தி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கார் இப்போது தெருவில் நிற்கிறது.

முப்பது வருஷம் கத்தி விற்றவன், ஒன்றையாவது கையால் செய்து பார்ப்போமே என்று ஆசை. ஆனால் மொத்த வியாபாரியின் கை அடங்குமா? பொழுதுபோக்குக்குச் செய்கிறவன் ஒரு அரம் வாங்குவான். நான் ஒரு டஜன் வாங்கினேன். எழுபது கத்திக்குக் கைப்பிடி மரம் வந்து இறங்கியபோது கையில் ஒரு கத்திகூட இல்லை. தீட்டுகிற பெல்ட் மெஷினை, காற்று வருமே என்று ஜன்னலை ஒட்டிப் போட்டேன். காற்று உள்ளே வரவில்லை, இரும்புத்தூள்தான் வெளியே போய்க் கொடியில் கிடந்த ஈரத்துணியில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் என் வெள்ளைச் சட்டை அத்தனைக்கும் துருப்புள்ளியாய் அம்மை போட்டிருந்தது. "உங்க சட்டைதானே, நீங்களே போட்டுக்கிட்டுத் திரிங்க" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. திரிகிறேன்.

முதல் கத்தியைச் சின்ன உலையில் காந்தம் ஒட்டாத பதத்துக்குப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தேன். புகையைப் பார்த்த மாடி வீட்டு டீச்சர், "தள்ளுங்க சார்!" என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, நான் தள்ளி நிற்பதற்குள் என் மேலேயே ஊற்றிவிட்டார். நனைந்த கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்து கண்ணாடி மாதிரி இரண்டானது. முக்கினதோடு விடக்கூடாதாம், இளஞ்சூட்டில் வைத்து அதன் முறைப்பைத் தணிக்கணுமாம். அடுத்த கத்தியை கேக் செய்கிற ஓவனில் வைத்துத் தணித்தேன். அன்று முழுக்க வீட்டில் என்னிடம் யாரும் பேசவில்லை.

ஆனால் அந்தக் கத்தி தேறிவிட்டது. அதன் மேல் அரத்தை ஓட்டிப் பார்க்கணும். வழுக்கினால் கத்தி கெட்டி, கடித்தால் மட்டம். வழுக்கியது அக்கா! அந்தச் சந்தோஷத்தில், நம்ம கடையில் அதிகம் ஓடின கத்திக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க அரத்தை வைத்தேன். சோப்பில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. அந்தக் கட்டு முழுக்க அப்படித்தான்.

மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ இதே ரகக் கத்தியோடு கடைக்கு வந்து, "தக்காளியை நசுக்குதுடா தம்பி, வெட்ட மாட்டேங்குது" என்றாய். கடை நிறைய ஆள். "கத்தியில ஒரு குறையும் இல்லக்கா, உனக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ கத்தியைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனவள், விசேஷங்களில் "சாப்டியாடா" என்று கேட்பதோடு சரி, கடைப்படி மிதிக்கவே இல்லை.

எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீ நம்புவாய். விலை மலிவு, சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று தெரியும். எவ்வளவு மட்டம் என்று பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததால்தான் அவ்வளவு தைரியமாக விற்க முடிந்தது. மகனிடம் அந்தச் சரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன், முணுமுணுத்தான், நிறுத்தினான். குறை கத்தியில்தான் அக்கா. உன் கையில் இல்லை.

நான் செய்த கத்தியை இந்தப் பெட்டியில் அனுப்புகிறேன். நேரில் வரலாம்தான்; ஆனால் பயணம் இடுப்புக்கு ஆகாது, உலையை விட்டுவிட்டு வரவும் முடியாது. கூர் அதிகம், பார்த்துத் திற. அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் எல்லாம் நிறைந்து வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை வைக்கப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கத்தி இல்லை. சமையலறையில் உன் தம்பி பெண்டாட்டி அதில் தக்காளி அரிந்துகொண்டிருக்கிறாள், காகிதம் போல. "அக்காவைப் பார்த்து ஊரே சிரிக்க வச்சிட்டு, மன்னிப்பை மட்டும் பார்சல்லயா அனுப்புவீங்க? கையில கொண்டுபோய்க் குடுங்க" என்கிறாள். அதுவரைக்கும் கத்தி அவளிடம்தான் இருக்குமாம். ஆகவே இடுப்பைப் பற்றி எழுதினதை அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தக்காளி வாங்கி வை. நறுக்குவது நான், சிரிக்க வேண்டியவர்களை நீ கூப்பிட்டு வை.